ஆவணத்தைப் படிக்கவும்

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்று என் உதயம் நிரலுக்கு மூன்று திருத்தங்கள் வந்தன. முதலாவது ஒரு காற்புள்ளியை நீக்கியது. இரண்டாவது அதே காற்புள்ளியைத் திரும்பச் சேர்த்தது. மூன்றாவது ஏதோ ஏஐ இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய நானூறு வரி நிரல். ஓடாத நானூறு வரி. அனுப்பியவன் கீழே ராக்கெட் படம் வேறு போட்டிருக்கிறான். மூன்றையும் ஏற்காமல் மூடினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "ஆவணத்தைப் படிக்கவும்."

பத்தொன்பது வருடமாக இந்தப் பதில்தான். 2006-ல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் நானும் அருள்ராஜும் இன்னும் பத்துப் பேரும் நிரல் எழுதுகிறவர்களுக்காக ஒரு மின்னஞ்சல் குழு ஆரம்பித்தபோதே வைத்த வழக்கம். கேட்பதற்கு முன் நிரலோடு வரும் ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும். படிக்காமல் கேட்டால் ஒரு வரிக்கு மேல் பதில் கிடையாது. தேறியவன் தேறினான், அழுதவன் போனான். இப்போது எல்லாம் டெலிகிராம். கேள்விக்கு முன்னால் "வணக்கம் நண்பர்களே", பதிலுக்குப் பின்னால் பத்துக் கட்டைவிரல். கேட்டால் 'கட்டற்ற மென்பொருள் சமூகம்' என்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாத நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அதற்குச் சமூகம் என்று பெயர் போலும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் இன்றும் நிரல் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். பகலில் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைக் கட்டி மேய்க்கிறேன். மற்ற நேரம் உதயம். பஞ்சாங்கக் கணக்குப் போடும் நிரல், பதினேழு கைபேசிச் செயலிகள் அதை எடுத்து வைத்திருக்கின்றன. பதினேழில் ஒருவனும் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டாம். கணக்கு சரியாக இருக்கிறதே, அது போதும்.

10 ஜூன், செவ்வாய்

பௌர்ணமிக்கு மலையைச் சுற்றும் கிரிவலக் கூட்டம். நடப்பதற்கு இவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். செங்கம் ரோடு முழுக்க வெறுங்கால். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டேன். உண்ணாமலை வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம், ஒரு மாதம் விட்டதில்லை. என்னைக் கூப்பிடுவதை மட்டும் மூன்றாம் வருடமே விட்டுவிட்டாள்.

இன்றைக்குப் பௌர்ணமியே இல்லை. நாளைக்குத்தான். சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ, அதுதான் அந்த நாளின் திதி. பௌர்ணமி இன்று பகல் பதினொன்றரைக்கு மேல் தொடங்குகிறது. உதயத்தில் இருப்பது நாளை. ஒரு லட்சம் பேர் தப்பான நாளில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

12 ஜூன், வியாழன்

ஒரு புகார். கீழ்பென்னாத்தூரிலிருந்து கவிநிலா என்ற பெண். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவளாம். புகாரை எழுதி அனுப்பத் தெரியவில்லையோ என்னவோ, ஒரு குரல் பதிவைச் சேர்த்திருக்கிறாள். குரல் அவளுடையதுகூட இல்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட்டிருக்கும் ராணியம்மாள் என்பவருடையது.

"ஏம்மா, போன்ல புதன்கிழமைக்கு பௌர்ணமி வட்டம் போட்டிருந்திச்சி. அத நம்பி செவ்வாக்கெழம தான் அரிசி ஊறப்போட்டேன். சனம் செவ்வாக்கெழம ராத்திரியே சுத்திட்டு போயிடுச்சி. கடை தொறந்து மூணு மாசம்தான் ஆவுது. புதன்கிழமை குந்திகினு ஈ ஓட்னேன். அவ்ளோ மாவும் புளிச்சி போச்சி."

ஒப்பாரியைப் பதிவு செய்து அனுப்புவது எப்போதிலிருந்து பிழைப் புகார் ஆனது? பதிப்பு எண் இல்லை. எந்தச் செயலி என்று இல்லை. எங்கள் காலத்தில் இப்படி ஒருவன் அனுப்பியிருந்தால் மூன்று நாள் குழுவில் தலை காட்ட முடியாது.

"விதிப்படி சரி. புதன் உதயத்தில் பௌர்ணமி. ஆவணத்தைப் படிக்கவும்." மூடினேன்.

13 ஜூன், வெள்ளி

உண்ணாமலையிடம் அந்தப் புகாரைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப செவ்வாக்கெழம சுத்தினவங்க எல்லாம் முட்டாளா?"

"ஆமாம்."

"நானும் சுத்தினேன்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைக் கழுவப் போய்விட்டாள்.

9 ஆகஸ்ட், சனி

மறுபடியும் அதே கதை. பௌர்ணமி நேற்று மதியம் இரண்டு மணிக்கு மேல் தொடங்கியது. உதயம் இன்றைக்கு வட்டம் போட்டது. ஊர் நேற்றே நடந்துவிட்டது. கவிநிலா மூடிய புகாரைத் திறந்து, ஒரு திருத்தத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எந்த இரவு அதில் வருகிறது, அந்த நாளுக்கு வட்டம். இவ்வளவுதான் அவளுடைய ஞானம். எழுத்து சுத்தமாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், கணக்கு தப்பில்லை. ஆனால் இதைப் பார்ப்பவர்கள் நடப்பதற்குத்தான் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாள்.

நடப்பதற்கு! உதயம் என்ன நடைபாதையா?

"உதயத்தின் விதி மாறாது. பிடிக்கவில்லை என்றால் நிரலைப் பிரித்துக்கொண்டு போகலாம். உரிமம் அனுமதிக்கிறது" என்று பதில் போட்டேன். இந்த வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒருவனும் போனதில்லை. பத்தாயிரம் வரியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்க் கட்டிக் காக்க யாருக்கு முதுகெலும்பு இருக்கிறது?

17 ஆகஸ்ட், ஞாயிறு

பிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

பெயர் 'நடை'. வேண்டுமென்றே வைத்த பெயர். என் பத்தாயிரம் வரியும் அப்படியே இருக்கிறது, மேலே என் பெயரும் காப்புரிமை வரியும் ஒழுங்காக இருக்கிறது. உரிமத்தில் ஓட்டை தேடினேன், இல்லை. எப்படி இருக்கும்? 2006-ல் 'எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்' என்று பிரவுசிங் சென்டர் சுவரில் ஒட்டியதே நான்தான்.

முதல் மாற்றத்தின் குறிப்பில் 'ஆவணம், பக்கம் 14-ல் உள்ளதையும் செய்திருக்கிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறாள். ஏதோ பந்தா. போய்ப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் தாங்காது.

20 செப்டம்பர், சனி

நடைக்கு நடத்தை விதிகள் எழுதியிருக்கிறார்கள். யாரையும் இழிவாகப் பேசக் கூடாதாம். தவறைச் சொல்பவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டுமாம். நிரலா எழுதுகிறார்கள், பந்தி பரிமாறுகிறார்களா?

பங்களித்தவர் பட்டியல் என்று ஒன்று. பெயர், செய்தது, ஊர் என்று மூன்று கட்டம். முதல் வரி: ராணியம்மாள், தவறைச் சொன்னவர், அடி அண்ணாமலை. ஒரு வரி நிரல் எழுதாத இட்லிக் கடைக்காரம்மா முதலிடம்! பத்தொன்பது வருடத்தில் உதயத்தின் பட்டியலில் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. இளவரசன். ஊரைக் கூடப் போட்டதில்லை. ஊர் எதற்கு, நிரல் பேசும்.

பதினேழு செயலிகளில் நான்கு நடைக்கு மாறிவிட்டன. போகட்டும்.

2 அக்டோபர், வியாழன்

அக்டோபர் வந்துவிட்டது. டி-ஷர்ட் சீசன். 'நான்கு திருத்தம் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட்' என்று யாரோ அறிவித்தாலும் அறிவித்தார்கள், ஊரில் உள்ள கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் காற்புள்ளி வேட்டையில் இறங்கிவிடுகிறார்கள். போன வருடம் உதயத்துக்கு முப்பத்தொன்று வந்தது, முப்பத்தொன்றையும் அடித்து விரட்டினேன்.

இந்த வருடம் ஒன்றும் வரவில்லை.

நிம்மதி.

6 அக்டோபர், திங்கள்

நிம்மதி என்று எழுதினேன் அல்லவா? இன்று நான்கு தடவை திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. திட்டுவதற்குக்கூட ஒருவன் வரவில்லை.

வெளியே கூட்டம். உதயம் நாளைக்கு வட்டம் போட்டிருக்கிறது. புகார் இல்லை. மாறிவிட்டவர்கள் எதற்குப் புகார் சொல்லப் போகிறார்கள்.

12 அக்டோபர், ஞாயிறு

அருள்ராஜ் பெங்களூரிலிருந்து பேசினான். அந்தப் பன்னிரண்டு பேரில் கெட்டிக்காரன். இப்போது பெரிய கம்பெனியில் 'திறந்த மூல உறவுகள்' பிரிவுக்குத் தலைவன். அதாவது, ஓசியில் எடுத்தவனிடம் போய் 'நாங்கள் ஓசியில் எடுத்துக்கொண்டோம், மகிழ்ச்சி' என்று கைகுலுக்குவதற்குச் சம்பளம். ஒரு காலத்தில் கம்பெனி என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்பியவன்.

நடைக்காரர்களை அவர்கள் மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். என்னிடம் அனுமதி கேட்பது போல ஆரம்பித்து, கடைசியில் ஒன்று சொன்னான்.

"மச்சான், அந்தப் பொண்ணு பன்னெண்டு வருஷம் முன்னாடி நம்ம மெயில் லிஸ்ட்ல கேள்வி கேட்டிருக்குடா. காலேஜ் படிக்கும்போது. பதில் போட்டது நீதான். தேடிப் பாரு."

தேடினேன். 2013. திதி ஏன் சில நாட்களில் காணாமல் போகிறது என்று கேட்டிருக்கிறாள். அரைப் பக்கம், எழுத்துப் பிழை இல்லாமல். என் பதில் இரண்டு சொல்.

"படித்துவிட்டு வா."

படித்துவிட்டு வந்திருக்கிறாள். பன்னிரண்டு வருடம் கழித்து. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? எல்லாருக்கும் அதைத்தானே சொன்னேன். எனக்கும் 2005-ல் யாரோ ஒரு வெளிநாட்டான் அதைத்தான் சொன்னான். நான் படிக்கலையா? அழுதுட்டா போனேன்?

அன்று சாப்பிடாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறது. அது வேறு விஷயம்.

1 டிசம்பர், திங்கள்

இரண்டு மாதத்துக்குப் பிறகு உதயத்துக்கு ஒரு புகார். யார் என்று தெரியாது, ஒரே வரி.

"சார், கார்த்திகை மாசத்துல பௌர்ணமி கிடையாதா?"

'ஆவணத்தைப் படிக்கவும்' என்று பாதி அடித்துவிட்டேன். பிறகு எதற்கும் பார்ப்போம் என்று டிசம்பரைத் திறந்தேன்.

வட்டமே இல்லை.

மாதம் முழுக்க வெள்ளைக் கட்டம். அமாவாசை இருக்கிறது, பௌர்ணமி இல்லை. திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, தீபம் ஏற்றுகிற மாதத்தில் பௌர்ணமியைத் தொலைத்திருக்கிறேன்.

பிறகு கணக்கைப் போட்டேன். நாலாம் தேதி வியாழன், சூரியன் உதித்த பிறகு எட்டரை மணிக்கு மேல் பௌர்ணமி தொடங்குகிறது. வெள்ளி விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே, சூரியன் உதிக்கும் முன் முடிந்துவிடுகிறது. நடுவில் உதயமே இல்லை. உதயத்தில் இருந்தால்தான் நாள் என்பது என் விதி. உதயமே பார்க்காத திதிக்கு என் விதியில் இடமில்லை. நிரல் சரியாக ஓடுகிறது. விதிப்படி சரி. வானத்தில் முழு நிலா இருக்கும், என் நிரலில் இருக்காது.

ஆவணத்தை எடுத்தேன். நான் எழுதியது, 2007-ல். கடைசியாக எப்போது திறந்தேன் என்று நினைவில்லை. பக்கம் 14. 'உதயமே இல்லாத திதிகள்: பின்னர் செய்ய வேண்டும். இளவரசன்.'

இது முதல் தடவையாகவும் இருக்க முடியாது. பழைய புகார்களைத் தேடினேன். நான்கு இருந்தன, நான்கு வெவ்வேறு வருடத்தில். ஒன்றில், 'ஐயா, தவறாக இருந்தால் மன்னிக்கவும்' என்று தொடங்கியிருக்கிறார்கள். நான்கையும் நான் மூடியிருக்கிறேன். என்ன பதில் போட்டேன் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

அந்த ஆவணத்தை முழுக்கப் படித்தது உலகத்தில் ஒரே ஒருத்தி. எழுதினவன்கூடப் படிக்கல. த்தூ.

2 டிசம்பர், செவ்வாய்

இன்னும் ஆறு செயலிகள் உதயத்தில்தான் இருக்கின்றன. நாளை மறுநாளைக்குள் சரிசெய்ய வேண்டும். மதியம் ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். எப்படிச் செய்தாலும் கடைசியில் அவள் செய்ததுதான் வருகிறது. திதி தொடங்கும் நேரம், முடியும் நேரம், நடுவில் வரும் இரவு. வேறு வழி கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் முயன்றேன். அவளுடையதுபோல இருக்கக் கூடாது என்பது மட்டுமே நோக்கம். அந்த நோக்கத்தில் வந்த நிரலைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. யாராவது அனுப்பியிருந்தால் ராக்கெட்காரனோடு சேர்த்து விரட்டியிருப்பேன்.

மாலை நான்கு மணிக்கு உதயத்தின் முகப்பில் எழுதினேன்: "இந்த மாதப் பௌர்ணமி இதில் இல்லை. பிழை என்னுடையது. இனி இது பராமரிக்கப்படாது. நடையைப் பயன்படுத்தவும்." ஆறு செயலிக்காரர்களுக்கும் தனித்தனியாக அஞ்சல் அனுப்பினேன். ஐந்து பேர் இரவுக்குள் மாறிவிட்டார்கள். ஒருவன் 'ஓகே ப்ரோ' என்று பதில் போட்டான். பத்தொன்பது வருடத்துக்கு ஓகே ப்ரோ.

முகப்பில் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

3 டிசம்பர், புதன்

தீபம். மாடியிலிருந்து பார்த்தேன். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு ஏற்றுகிறார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்கள்.

4 டிசம்பர், வியாழன்

ஐந்து மணிக்கு உண்ணாமலை கிளம்பும்போது நானும் செருப்பைக் கழற்றினேன்.

"இன்னா, நீங்களா?" என்றாள்.

"சும்மா" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. பதினாறு வருடம் என்னோடு இருந்ததில் அவள் கற்றுக்கொண்டது அது.

கூட்டத்தைப் பற்றி நான் நினைத்ததில் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. தள்ளுகிறார்கள், நடந்துகொண்டே போனில் கத்துகிறார்கள், சாப்பிட்ட தட்டைப் பாதையிலேயே போடுகிறார்கள். எனக்கு இரண்டாவது கிலோமீட்டரிலேயே கால் கொப்பளித்துவிட்டது. உண்ணாமலை ஒரு எழுபது வயது கிழவரோடு பேசிக்கொண்டே என்னை முந்திப் போய்விட்டாள்.

அடி அண்ணாமலையில் அவளே ஒரு இட்லிக் கடையில் உட்கார வைத்தாள். ஈயத் தட்டு, நான்கு பெஞ்சு, இருபது பேர் நிற்கிறார்கள். ராணியம்மாள் கடைதான். உண்ணாமலை மாதாமாதம் அங்கேதான் சாப்பிடுகிறாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"இன்னைக்கு கூட்டம் ஜாஸ்தி, மாவு பத்துதா?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"அதெல்லாம் பத்தும்மா. போன்ல கரெக்டா வருதே. முன்னாடி ஒண்ணு இருந்திச்சி, அதுல நாளே தப்பு. எவனோ அமெரிக்காவுல குந்திகினு போட்ருப்பான் போல. இந்த ஊர்க்காரனா இருந்தா அப்டி போடுவானா, சொல்லு?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்ணாமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இன்னும் ரெண்டு வைங்க" என்றாள்.

ராணியம்மாள் வைத்துக்கொண்டே, "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் கொறை. பௌர்ணமி எப்பன்றது எனக்கு எதுக்கு? அரிசி எப்ப ஊறப்போடணும், அத சொன்னா தேவல" என்றார்.

யாரிடமும் கேட்கவில்லை. சும்மா சொன்னார். பத்தொன்பது வருடத்தில் உதயத்துக்கு வந்த எந்தப் புகாரும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

எட்டு வரி நிரல். கூட்டம் நடக்கும் இரவுக்கு முந்தின நாள் காலையில் போன் மணி அடித்து, 'இன்று அரிசி ஊறப்போடவும்' என்று சொல்லும். நடைக்கு அனுப்பினேன். அனுப்பிய மறுநொடி தானாக ஒரு பதில் வந்து விழுந்தது: "உங்கள் முதல் பங்களிப்புக்கு நன்றி! புதியவர்கள் முதலில் வழிகாட்டியைப் படிக்கவும்."

புதியவன். நான்.

வழிகாட்டி ஒன்பது பக்கம். படித்தேன். இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது. குறித்து வைத்திருக்கிறேன்.

9 டிசம்பர், செவ்வாய்

கவிநிலா பதில் போட்டிருக்கிறாள். என் பெயரைப் பார்த்திருப்பாள்தானே? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2013 பற்றியும் இல்லை. நானாக இருந்தால் விட்டிருப்பேனா.

"திருத்தம் அனுப்பியதற்கு நன்றி சார். இரண்டு விஷயம். நிரலுக்குள் 'படிக்காத மடையர்களுக்காக' என்று ஒரு குறிப்பு இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, குளிர்காலத்தில் மாவு பொங்க நேரம் பிடிக்குமே? ராணியம்மாளைக் கேட்டீர்களா?"

அந்தக் குறிப்பை எழுதியதே நினைவில்லை. கைப்பழக்கம். எடுத்துவிட்டேன்.

கேட்கவில்லைதான்.

11 டிசம்பர், வியாழன்

கல்லூரி முடிந்து வண்டியில் அடி அண்ணாமலை போனேன். கடையில் சாப்பிட ஆள் இல்லை. ராணியம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"மார்கழி, தையில ரெண்டு மூணு மணி நேரம் ஜாஸ்தி ஆவும். வெயில் காலத்துல கம்மி. நீ எதுக்கு கேக்கற, கடை போடப் போறியா?"

"இல்லைங்க. போன்ல போடறதுக்கு."

"ஓ, அந்தப் பொண்ணு அனுப்சிச்சா?" என்று ஒரு டம்ளர் டீ கொடுத்தார். ஆமாம் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

14 டிசம்பர், ஞாயிறு

மார்கழிக் கணக்கோடு திரும்ப அனுப்பியதைக் கவிநிலா நடையில் சேர்த்துவிட்டாள். கீழே ஒரு கட்டைவிரல். இந்தக் கட்டைவிரல்களைப் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. காலையிலிருந்து நான்கு தடவை பார்த்தேன், அவ்வளவுதான்.

பங்களித்தவர் பட்டியலில் நானே என் வரியைச் சேர்க்க வேண்டுமாம். இருபத்து மூன்றாவது வரி. பெயர்: இளவரசன். செய்தது: அரிசி ஊறப்போடும் நேரம். மூன்றாவது கட்டத்தை வழக்கம்போலக் காலியாக விட்டு அனுப்பினேன். ஊரை நிரப்பவும் என்று திரும்பி வந்தது.

திருவண்ணாமலை என்று போட்டேன்.